பானைக்குப் பின்னால் இருந்த டப்பா

சிற்றம்பலம் தன் குருவைவிட இருபத்து மூன்று வயது மூத்தவர். டெலிபோன் ஆபீஸில் விருப்ப ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்தவர். குரு சௌந்தரவல்லி அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது. கடலூர்ப் பக்கம் ஒரு மணல் கிராமத்தில், ஓட்டு வீட்டில் இருந்தார். ஞாயிறு காலையில் நாற்பது ஐம்பது பேர் வந்து எதிரில் உட்காருவார்கள். பேச்சு கொஞ்சம், மௌனம் நிறைய.

அம்மாவுக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு உண்டு. காலையிலும் இரவிலும் மாத்திரை. மடியில் எப்போதும் ஒரு சின்ன வெட்டிவேர் முடிச்சு இருக்கும். மனசு படபடத்தால் அதை மூக்கருகே வைத்து மெதுவாக மூச்சை இழுப்பார். கற்பூரம் ஏற்றுவதில்லை. அந்த நெடி அவருக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வந்தவர்களுக்கு இதெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. கற்பூரம் ஏற்றாததால் சடங்கைக் கடந்தவர் என்றார்கள். ஒருமுறை கூட்டத்தின் நடுவே வலிப்பு வந்து விழுந்தபோது, சமாதி நிலை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கு சிற்றம்பலம்தான் ஓடிவந்து அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தார், தலைக்குத் துண்டை மடித்து வைத்தார். நல்ல மனுஷர். ஆனால் இது சமாதி இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கூட்டம் சேருமுன் மாத்திரை டப்பாவை எடுத்துத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவுக்குக் காலை மாத்திரை பதினொரு மணிக்குத்தான். பக்தி முற்றினால் இப்படித்தான், குருவையே திருத்த ஆரம்பித்துவிடும்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஒரு தாய் மகளோடு முன்னால் வந்தாள். மகள் பெயர் தேன்மொழி, ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கும் வலிப்பு. தாய் முகமெல்லாம் மலர்ச்சி. தலையணைக்கு அடியில் வெட்டிவேர் வைப்பதாகவும், பிள்ளை நிம்மதியாகத் தூங்குவதாகவும், பதினொரு நாளாக மாத்திரையே கொடுக்கவில்லை என்றும் சொன்னாள்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யார் நிறுத்தச் சொன்னது?”

“யாரும் சொல்லலம்மா. உங்களப் பாத்துத்தான். நீங்க மாத்திரையா சாப்பிடுறீங்க? வெட்டிவேர்தானே.”

அம்மா சிற்றம்பலத்தின் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அந்த டப்பாவ எடுத்துட்டு வாங்க.”

அவர் குனிந்து, கூட்டம் கலையட்டுமே என்று காதோடு சொன்னார்.

“இப்பவே.”

கொண்டுவந்தார். அம்மா டப்பாவைத் திறந்து, அன்றைய மாத்திரையை எல்லோருக்கும் தெரியும்படி எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தனக்கு வருவது வலிப்பு, சமாதி இல்லை என்றார். பிறகு அந்தத் தாயிடம், அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பதினொரு நாள் விட்டுப்போனதை மறைக்காமல் சொல்ல வேண்டும், மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். தாய் அழுதாள்.

தேன்மொழி தாவணி முனையில் முடிந்திருந்த வெட்டிவேரை அவிழ்த்து நீட்டினாள்.

“அப்ப இது பொய்யா?”

“வலிப்பு வந்து முழிக்கிறப்ப உனக்கு எப்படி இருக்கும் கண்ணு?”

“எங்க இருக்கேன்னே தெரியாது. எல்லாரும் சுத்தி நின்னு பாப்பாங்க. பயமா இருக்கும்.”

“எனக்கும் அப்படித்தான். மொதல் தடவ முழிச்சப்ப கையில யாரோ சாவிக்கொத்தத் திணிச்சிருந்தாங்க, மூக்குல செருப்பு. இப்ப முழிச்சா இந்த வாசனதான் மொதல்ல வரும். நம்ம இடத்துலதான் இருக்கோம்னு தெரியும். வலிப்ப மாத்திர பாத்துக்கும். இது பயத்துக்கு.”

தேன்மொழி யோசித்தாள். பிறகு வெட்டிவேரைத் திரும்ப முடிந்துகொண்டாள்.

அன்று பலர் கும்பிடாமலே எழுந்து போனார்கள். ஒருவர் வாசலில் நின்று செருப்பை உதறிப் போட்டுக்கொண்டார். அதில் கோபம் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு வந்தவர்கள் ஒன்பது பேர். தேன்மொழியும் தாயும் அதில் இருந்தார்கள். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது என்று தாய் சொன்னாள். டப்பா அம்மாவின் முன்னால், வெட்டிவேர் முடிச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. சிற்றம்பலமே விடிந்ததும் கொண்டுவந்து வைத்தது அது.

எல்லோரும் போனபின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். ஒரு வாரமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டார்.

“ஆறு வருஷமா அத நான் மறைச்சு வெச்சேன். உங்களுக்குத் தெரியாம இல்ல. ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?”

அம்மா வெட்டிவேர் முடிச்சை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். மெதுவாக மூச்சை இழுத்தார். இன்னொரு முறையும் இழுத்தார்.

“அவங்க கும்பிட்டது எனக்கும் பிடிச்சிருந்துச்சு, ஐயா.”