சரிவில்லாத குளம்

காட்டுப்பன்றிக்கு ஓடைக்குப் போவதே பிடிக்காமல் போய்விட்டது. எருமைகள் முன்னால் போய்த் தண்ணீரைக் கலக்கிவிடும். குரங்குகள் கிளையில் உட்கார்ந்து கொட்டைகளை எறியும்.

"இனி நமக்கென்று ஒரு குளம்! புதருக்குப் பின்னால் நானே வெட்டப்போகிறேன்" என்றது தன் மனைவியிடம்.

"உங்களுக்குக் கிழங்கு தோண்டத்தானே தெரியும்?"

"அதையே பெரிதாகத் தோண்டினால் குளம்!"

கோடை முழுவதும் பன்றி மூக்கால் மண்ணைக் கிளறியது. கோரைப்பல்லால் கல்லைப் பெயர்த்தது. மண்ணை மேலே தள்ளிக்கொண்டு வர ஒரு பக்கம் சரிவு விட்டிருந்தது. குழி ஆழமாயிற்று. பன்றி மெலிந்துபோயிற்று.

பக்கத்து வளை முள்ளம்பன்றி ஒருநாள் எட்டிப் பார்த்தது.

"அருமையாக இருக்கிறது அண்ணே! மழை பெய்ததும் நானும் இந்தச் சரிவில் இறங்கி ஒரு வாய் குடித்துக்கொள்ளட்டுமா?"

"உன் முள் உதிர்ந்து என் வயிற்றில் குத்தினால்? ஓடைக்குப் போ!"

"ஓடை தூரமாயிற்றே. எனக்குக் கால் குட்டை."

"கால் குட்டையென்றால் சீக்கிரமாகக் கிளம்பு!"

முள்ளம்பன்றி திரும்பிப் போயிற்று. பன்றிக்கோ நிம்மதி இல்லை. இன்று இது கேட்டது. நாளை எருமை கேட்காமலே இறங்கும். அன்று மாலையே பன்றி மேலே நின்று சரிவைக் கொத்திக் கீழே தள்ளியது. நான்கு பக்கமும் கரை செங்குத்தாக நின்றது.

"ஏங்க, நாம் எப்படி ஏறுவது?" என்றது மனைவி.

"முதலில் குதிப்போம். ஏறுவதைப் பிறகு யோசிக்கலாம்!"

மழை பெய்தது. குளத்தில் ஆளை மூழ்கடிக்கும் தண்ணீர் சேர்ந்தது. பன்றி தொப்பென்று குதித்தது. தண்ணீரில் மேகங்கள் கிடந்தன. பன்றி அவற்றின் மேல் நீந்தியது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு அதுவரை கிடைத்ததில்லை.

பிறகு கால்கள் ஓய்ந்தன. கரையைப் பற்றியது, ஈரமண் வழுக்கியது. மறுபக்கம் போனது, அங்கும் வழுக்கியது.

"இதோ ஏறிவிட்டேன்! இதோ!" என்று ஒவ்வொரு முறையும் சொன்னது. குரல் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது.

மனைவி முள்ளம்பன்றியின் வளைக்கு ஓடியது. "தம்பி, அவர் முழுகப்போகிறார்!"

முள்ளம்பன்றி எதுவும் கேட்கவில்லை. ஓடிவந்து கரையைப் பறிக்கத் தொடங்கியது. பெண்பன்றியும் மூக்கைக் கொடுத்து மண்ணைத் தள்ளியது.

"கரையை உடைக்காதே! ஒரு கோடை உழைப்பு அது!" என்று கத்தியது பன்றி, தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

"கரை இருக்க வேண்டுமா, நீங்கள் இருக்க வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு மூக்கை மேலே வையுங்கள்!" என்றது மனைவி.

மண் சரிந்து சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. கடைசியில் பன்றியின் முன்கால்களுக்குத் தரை தட்டுப்பட்டது. அது ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்து, சரிவின் நடுவிலேயே விழுந்தது.

நெடுநேரம் மூச்சு வாங்கியது. பிறகு சற்றே நகர்ந்து படுத்து, முள்ளம்பன்றி தண்ணீரில் இறங்க வழிவிட்டது.

பிறர் உள்ளே வரக் கூடாதென்று வழியை அழிப்பவர், தாம் வெளியே வரும் வழியையும் சேர்த்தே அழித்துக்கொள்கிறார்.