நெற்றி மட்டும் நனையவில்லை

தில்லைநாயகத்துக்கு நடப்பதென்றால் எட்டிக்காய். ஆபீஸ் நாற்காலியிலேயே காலத்தை ஓட்டிய மனுஷன். ஓய்வு பெற்றதும் குன்றடி மடத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்து போயிருந்தது. தினமும் நடக்காவிட்டால் அடுத்த தடவை நெஞ்சு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மடத்தின் குரு நாச்சியம்மை. வயதில் அவருக்கு மகள் மாதிரி. சிறுவயதிலேயே இடதுகால் சூம்பிப்போனவர். குன்றைச் சுற்றி நடந்துவிட்டு வரச்சொல்லி, தினம் காலையில் தில்லைநாயகத்தின் நெற்றியில் தன் கையாலேயே திருநீறு பூசி அனுப்புவார்.

இவர் போவதெல்லாம் முதல் திருப்பத்துக் குளத்து மண்டபம் வரைக்கும்தான். அங்கே காலை நீட்டி ஒரு குட்டித் தூக்கம். வெயில் ஏறினதும் குளத்துத் தண்ணீரைக் கழுத்திலும் முதுகிலும் விட்டுக்கொண்டு, மூச்சு வாங்குகிறவர் மாதிரி திரும்பி வருவார். நெற்றியில் மட்டும் ஒரு சொட்டு படவிடமாட்டார். குரு பூசிய திருநீற்றை அழிக்கக் கை வராது. கூசாமல் புளுகுகிறவருக்கு இந்தப் பயம் மட்டும் எங்கிருந்து வந்ததோ, போங்கள்!

அம்மை வாசலில் நிற்பார்.

"சுத்திட்டு வந்தீங்களா?"

"சுத்திட்டேன் அம்மா."

அம்மை அவர் முகத்தைக் கொஞ்சம் பார்ப்பார். வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் மண்டபத்தில் துண்டை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் அதை எடுக்கப் போனபோது, குன்றின் மறுபக்கத்திலிருந்து யாரோ கோல் ஊன்றி வருவது தெரிந்தது. இரண்டடி வைப்பதும் நிற்பதுமாக வந்தது நாச்சியம்மை. புடவை வியர்வையில் ஒட்டியிருந்தது. நெற்றித் திருநீறு கரைந்து கன்னம் வரை வழிந்திருந்தது.

தில்லைநாயகம் ஓடிப்போய் அவரைத் தாங்கிப் படியில் உட்கார வைத்தார். இந்தக் காலோடு எதற்கு இந்த வேலை என்று பதறினார்.

"சுத்திட்டேன்னு காலையில சொன்னீங்களே. அது பொய்யாப் போகக் கூடாதுன்னு தினமும் நான் ஒரு சுத்து வந்துடறேன்."

தான் சுற்றவில்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"கழுத்து, முதுகெல்லாம் ஈரம். நெத்தி மட்டும் நான் பூசினபடியே இருந்துச்சு."

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. இன்றைய திருநீறும் விரலில் காய்ந்த பொடியாக ஒட்டியது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. இத்தனை நாளும் அந்த நெற்றியைத்தானே நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நின்றோம் என்று நினைத்தபோது உடம்பே கூசியது.

"எனக்கு நடக்கப் பிடிக்கலை அம்மா," என்றார் தலையைத் தூக்காமல். "பிடிச்சுட்டா நடந்துடுவேன். பிடிக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

நாச்சியம்மை சூம்பிய காலை மெல்ல நீட்டினார். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. தில்லைநாயகம் அதைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் பிடிக்கலைதான்," என்றார் அம்மை. கோலை ஊன்றி எழுந்தார். "நாளைக்கு யாரு போறது? நீங்களா, நானா?"