கடல் குப்பை

கடலோரத்துப் பள்ளிக்கூடம் அது. அங்கே ஓவியம் சொல்லிக்கொடுத்த லூர்தையா சாருக்குத் தலை முழுக்க நரை. அவருக்குக் குரு யார் தெரியுமா? அறிவியல் எடுக்கிற கோமதி டீச்சர். சாரின் மகள் வயசுதான் இருக்கும்.

கடலே இல்லாத தென்காசிப் பக்கத்து மனுஷன் அவர். எனக்கு நீலம் தெரியும், கடல் தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று ஒருநாள் அவராகவே டீச்சரிடம் போய் நின்றார். மற்ற வாத்தியார்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த வருஷம் மாவட்டக் கண்காட்சிக்கு, கடல் மாசு பற்றிப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. சார் ஒரு மீன் செய்யத் தீர்மானித்தார். ஆள் உயரத்துக்கு மூங்கிலில் கூடு கட்டி, கரையில் ஒதுங்குகிற பிளாஸ்டிக்கையே செதிலாக ஒட்ட வேண்டும். பிள்ளைகள் எதைப் பொறுக்கினாலும் முதலில் செல்போனில் படம் பிடிப்பார்கள். அது கிடந்த இடம் டீச்சரின் கம்ப்யூட்டர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக விழும்.

முதல் நாளே பாதிப் பேர் வீட்டிலிருந்து எண்ணெய்ப் பாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். சார் விடுவாரா? வீட்டுக் குப்பை செல்லாது, கடல் குப்பைதான் செல்லும் என்று கறாராகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மீன் வளர்ந்தது. தலை வந்தது, கண் வந்தது, வயிறு வந்தது. வாலுக்கு வரும்போது கரையில் பொறுக்க ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமாக வாரியிருந்தார்கள். கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் பாக்கி. சாருக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், இத்தனை வருஷத்தில் அவர் கைப்பட்ட எதுவும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போனதில்லை.

அப்புறம் பார்த்தால், திடீரென்று சாக்குச் சாக்காக வந்து குவிகிறது. சார் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் ஓடினார். காலியாகக் கிடந்த கரையில் இவ்வளவும் எங்கிருந்து வந்து ஒதுங்குகிறது என்று கேட்டார்.

 டீச்சர் சாக்கிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். பாசி இல்லை, வழுவழுப்பு இல்லை. ஒட்டியிருந்த லேபிள்கூட உரியவில்லை. பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். முன்பெல்லாம் கரை நெடுக இறைந்து கிடந்த புள்ளிகள், இப்போது தெரு முடிகிற பாறைப் பக்கம் மட்டும் மொத்தமாக அப்பிக்கிடந்தன.

“சாயங்காலம் அந்தப் பக்கம் போயிட்டு வாங்க சார்,” என்றார். அவ்வளவுதான்.

போனார்.

ஆறாம் வகுப்பு ஜெசிந்தாவும் அவள் கூட்டாளிகளும் பாறை மேல் நின்றிருந்தார்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பைகளை அவிழ்த்து, பாட்டில், பாக்கெட், உடைந்த பிளாஸ்டிக் குடம் என்று ஒவ்வொன்றாக அலைக்குள் வீசினார்கள். அலை திருப்பித் தள்ளியதைப் படம் பிடித்து, அக்கறையாகச் சாக்கில் போட்டார்கள். காற்றோ கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வீசியதில் பாதிக்கு மேல் மிதந்து மிதந்து உள்ளே போய்விட்டது. அதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

சார் கரையில் நின்றபடியே கூப்பிட்டுக் கேட்டார்.  

“என்ன பிள்ள செய்யுத?”

ஜெசிந்தா பயப்படவில்லை. சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

“நீங்கதான சார் சொன்னீங்க, வீட்டுக் குப்பை செல்லாது, கடல் குப்பைதான் செல்லும்னு. அதான் கடல்ல போட்டு எடுக்கோம்.”

திட்டத்தான் வாயைத் திறந்தார். யாரைத் திட்டுவது? பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. போதும், வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார். வால் முடிந்துவிட்டதா சார் என்று ஒரு பொடியன் ஆசையாகக் கேட்டான். 

மறுநாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்துபோய் டீச்சர் முன்னால் வந்து நின்றார். சுத்தமாகக் கிடந்த கடலுக்குள் பிள்ளைகள் கையாலேயே குப்பை போட வைத்துவிட்டேனே என்று சொன்னார். மீனைப் பிரித்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது பிள்ளைகள் செய்த மீன், கண்காட்சிக்குப் போகட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

“அப்ப வால்? சாக்குல இருக்கிறதே போதும் டீச்சர். ஒட்டிரவா?”

“அது வீட்டுக் குப்பை சார். நீங்க சொன்னபடி அது செல்லாது.”

“வாலில்லாம எப்படி டீச்சர் மீனைக் கொண்டுபோய் வைக்கிறது?”

“வாலுக்கு உள்ளது கடலுக்குள்ள போயிருச்சு. திரும்பி வரட்டும், ஒட்டிக்கலாம்.”

“அது எப்ப வரும்?”

“வர்ற வரைக்கும் மீன் பக்கத்துலயே நில்லுங்க சார். வால் எங்கன்னு கேக்கிறவங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.”