சென்னியப்பன் மாட்டிய வூஃபர்

கல்யாண மண்டபத்தில் டிரைவர்களுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். அதுவரைக்கும் பொழுது போக வேண்டுமே என்ற கவலை திருப்பூர்ப் பக்கத்து டிரைவர்களுக்குக் கிடையாது. சென்னியப்பன் இருக்கிறார். அவர் வாயைத் திறந்தால் பந்தி முடிந்து, இலை எடுத்து, மண்டபத்தையே கழுவி விட்டாலும் மூட மாட்டார்.

அன்றைக்குத் திருமூர்த்திக்குச் சாப்பாட்டிலும் மனசில்லை, பேச்சிலும் மனசில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பனியன் கம்பெனி முதலாளியின் புது ஜெர்மன் காரை ஓட்டுகிறான். முதலாளி ஆசை ஆசையாக ஒரு வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வந்து, இதை எங்கே கொடுத்து மாட்டலாம் என்று கேட்டார். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். "வெளிய எதுக்குங்க குடுத்துட்டு, நானே மாட்டீர்றனுங்க" என்று வாயை விட்டுவிட்டான். நாளைக் காலையில் சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போகும்போது பாட்டு அதிர வேண்டும் என்பது உத்தரவு.

அன்று காலையில் போனட்டைத் திறந்து ஒரு மணி நேரம் தேடினான். பேட்டரியைக் காணோம். எங்கே பார்த்தாலும் கறுப்பு மூடிகள்தான் இருந்தன. வண்டியோடு வந்த புத்தகம் முதலாளி வீட்டு பீரோவில் இருந்தது. அதைக் கேட்கப் போனால், எதற்கு என்று கேட்பார். தெரியாமல் ஏதாவது ஒரு ஒயரைக் கிள்ளிவிட்டால் காரின் மூளையான கம்ப்யூட்டரே போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தான். அது போனால் வேலையும் கூடவே போகும். பேட்டரியையே காணோம் என்று நாலு டிரைவர்கள் மத்தியில் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

மண்டபத்து வாசலில் இந்தக் கவலையோடு அவன் நின்றிருந்த நேரம் பார்த்துத்தான் சென்னியப்பன் திறந்திருந்த டிக்கியில் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"வூஃபரா தம்பி? போன வருசம் எங்க முதலாளி வண்டியில நானேதான் மாட்டுனன். இதே மாடல். ஒத்தைக் கையில."

புங்க மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்த ஆறுக்குட்டி கண்ணைத் திறக்கவில்லை. அவர் வேன் ஓட்டுகிறவர். சென்னியப்பன் சொல்வதை முப்பது வருசமாகக் கேட்டு, அதில் ஒன்றைக்கூட நம்பாதவர். "ஏப்பா, இன்னொரு கை என்ன பண்ணுச்சு?" என்றார்.

"டீ கிளாஸப் புடிச்சிருந்துச்சு."

திருமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏனுங்ணா, கரண்டு எங்கிருந்து எடுத்தீங்க?"

"கரண்டு கெடக்கட்டும் தம்பி. மொதல்ல சீட்டக் கழட்டோணுமல்ல? கார் கம்பெனில அதுக்குன்னே ஏழு விதமான ஸ்பேனர் வெச்சிருக்கறான். நான் தையல் மிசின் ஸ்குரூ டிரைவர் ஒண்ண எடுத்துட்டுப் போயிச் சும்மா நின்னன். போல்ட்டுக தானா கழண்டு, பெருசு ஒரு பக்கம் சிறுசு ஒரு பக்கம்னு வரிசையா உக்காந்துக்கிச்சு."

"அதுகளுக்கும் டீ சொன்னயா?" என்றார் ஆறுக்குட்டி.

"கேளுப்பா. மாட்டி முடிச்சுச் சத்தத்த ரெண்டாம் நம்பர்ல வெச்சன். ரெண்டுதான். வண்டி எங்க கம்பெனி வாசல்ல நிக்குது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், உள்ள ஒரு ஆளில்ல. அத்தன தையல் மிசினும் தாளம் புடிச்சுத் தைக்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எரநூறு பனியன். கை, கழுத்து எல்லாம் கச்சிதம். அது கப்பல்ல போயிருச்சு. அதப் போட்ட வெள்ளக்காரன் இன்னிக்கும் ரோட்டுல நேரா நடக்க மாட்டான், தாளத்துலதான் நடப்பான்."

"அந்தக் கரண்டு ஒயருங்ணா" என்று திருமூர்த்தி மறுபடி ஆரம்பித்தான்.

"வர்றன் தம்பி, வர்றன். பொள்ளாச்சி ரோட்டுல போகறப்ப நாலாம் நம்பர் வெச்சன். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. பொத்து பொத்துன்னு காய் விழுகுது. கீழ வந்து சேர்றதுக்குள்ள மட்டை உரிஞ்சு போச்சு."

ஆறுக்குட்டி புரண்டு படுத்தார். "குடுமியோடவா, இல்லாமயா?"

"கோயிலுக்குப் பக்கத்துல விழுந்தது குடுமியோட. மத்ததெல்லாம் சட்டினிக்கு."

திருமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபத்துக்குள் நாலாவது பந்தி எழுந்துவிட்டது. முதலாளி தாம்பூலப் பையோடு வெளியே வந்தால், மாட்டியாச்சா என்றுதான் முதலில் கேட்பார். இந்த மனுசன் புளுகட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் புளுகட்டும், நடுவில் ஒரே ஒரு உண்மையைச் சொல்லித் தொலைத்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

சென்னியப்பன் அதற்குள் ஆறாம் நம்பருக்குப் போயிருந்தார். அவருடைய முதலாளியின் சிநேகிதர் ஒருவருக்குப் பல்லடம் பக்கம் தோட்டம். ஆயிரத்து இருநூறு அடிக்கு போர் போட்டும் அஞ்சு வருசமாகக் காற்றைத் தவிர ஒன்றும் வந்ததில்லை. சென்னியப்பன் வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாட்டு வைத்திருக்கிறார். மேலே என்ன சத்தம் என்று பார்க்கத் தண்ணி கிளம்பி வந்துவிட்டதாம்.

"பாட்ட நிறுத்துனதும்?" என்றார் ஆறுக்குட்டி.

"எறங்கிப் போயிருச்சு. அந்தத் தோட்டத்துக்காரரு இப்பக்கூட போன் பண்ணி, வாழைக்குத் தண்ணி கட்டோணும், வண்டிய அனுப்பி வையுங்கங்கறாரு. எங்க முதலாளிதான் சங்கடப்படறாரு."

இதற்கு மேல் திருமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை. அவர் முன்னால் போய் நின்றான். "அண்ணா, என் வேலை போயிருமுங்ணா. ஒயர எங்க குடுத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அவன் குரலைக் கேட்டுச் சென்னியப்பனே கொஞ்சம் இறங்கி வந்தார். "இதுல என்ன இருக்குது தம்பி? போனட்டத் தொறந்தன். பேட்டரி முன்னாலயே இருந்துச்சு. செவப்பு ஒயர எடுத்து ஒரு சுத்து சுத்துனன். முடிஞ்சுது."

திருமூர்த்தி அப்படியே வண்டியில் சாய்ந்துகொண்டான். கடைசி நம்பிக்கையும் போயிற்று. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? "போனட்டுக்குள்ள பேட்டரியே இல்லீங்ணா. காலைல ஒரு மணி நேரம் தேடிப் பார்த்துட்டன்."

ஆறுக்குட்டி எழுந்து உட்கார்ந்தார். முப்பது வருசமாக அவர் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். "இதே மாடல்னயே? இப்பச் சொல்லு பார்க்கலாம்."

வேறு யாராக இருந்தாலும் பந்திக்கு நேரமாச்சு என்று எழுந்து போயிருப்பார்கள். சென்னியப்பன் தண்ணி பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதத்தான் தம்பி கடைசியாச் சொல்லலாம்னு வெச்சிருந்தன். அன்னிக்கு முன்னாலதான் இருந்துச்சு. ஏழாம் நம்பர் வெச்சன் பாரு, வூஃபர் ஒரே ஒரு அடிதான் அடிச்சுது. பேட்டரி எந்திரிச்சுச் சீட்டுக்கடியில பூந்து, நேரா டிக்கிக்குப் போயி, கம்பளத்துக்கு அடியில படுத்துக்கிச்சு. எதுக்கு? பாட்டப் பக்கத்துல இருந்து கேக்கறதுக்கு. நானும் மூணு தடவ எடுத்து முன்னால வெச்சன். நிக்க மாட்டீங்குது. ஜெர்மனிக்காரன் வந்து பார்த்தான். அதுக்குப் புடிச்ச எடம் அதுதான்னா நாம எதுக்குக் குறுக்க நிக்கோணும்னு, இப்ப வர்ற வண்டியில எல்லாம் டிக்கியிலயே வெச்சுப் போட்டான்."

ஆறுக்குட்டி மறுபடி படுத்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "பந்தி போட்டா எழுப்புங்கப்பா."

திருமூர்த்திக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருத்தன் வேலை போகிற நேரத்தில் இப்படியா விளையாடுவது? பெரியவர் என்று பார்த்தால் ஆகாது, இன்றைக்கு மூஞ்சிக்கு நேரே காட்டிவிடுவது என்று டிக்கிப் பக்கம் போனான். வூஃபர் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தான். "வாங்கண்ணா, வந்து காட்டுங்க, எந்தக் கம்பளத்துக்கு அடியில?" என்று கேட்டபடியே கம்பளத்தைப் பிடித்து இழுத்தான். அடியில் ஒரு பலகை இருந்தது. அதையும் தூக்கினான்.

கறுப்பாக, அஞ்சு கிலோ அரிசிப் பை அளவுக்கு, பேட்டரி படுத்திருந்தது. பக்கத்திலேயே செவப்பு ஒயர். ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தூரம்கூட இல்லை. எங்கேயும் ஓட்டை போட வேண்டாம், எதையும் கிள்ள வேண்டாம். அரை மணி நேர வேலை. திருமூர்த்திக்குக் கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது.

பலகை தூக்கிய சத்தம் கேட்டு ஆறுக்குட்டி எழுந்து வந்தார். உள்ளே பார்த்தார். பிறகு திருமூர்த்தியைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து சென்னியப்பனைப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் மெதுவாக வந்து டிக்கிக்குள் குனிந்தார். ஒரு விரலை நீட்டிப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார்.

"அட" என்றார். "நெசமாவே இங்கதான் இருக்குது."