பிள்ளை கேட்கப் போனவர்

மலை உச்சியில் இருந்த சின்னக் கோயிலில் தனியாக வாழ்ந்தார் தனிஸ்லாஸ் சாமி. மனம் கனத்தால் ஊர்க்காரர்கள் அவரிடம் ஏறிப்போவார்கள். அன்று ஏறிப்போனவர் அவருடைய சீடர் பெலிக்ஸ். ஊர் ரக்பி அணிக்கு ஆட்டம் சொல்லித்தரும் மாஸ்டர் அவர்தான்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேள்."

"பந்தைக் கையில ஏந்தி மோதிக்கிட்டு ஓடுறது எங்க ஆட்டம். முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா ஊரே மேல் மைதானத்துலதான் நிக்கும். கால்பந்து ஆடுறவங்களை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. இப்போ கூட்டமெல்லாம் அவங்களோட கீழ் மைதானத்துல. எங்க ஆட்டம் ஏன் விழுந்துச்சு? அவங்களுது ஏன் எழுந்துச்சு?"

பீன்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த சாமி நிமிரவில்லை.

"வருகிற ஞாயிறு ஆட ஆள் இருக்கா?"

"ஒரு ஆள் குறையுது சாமி. அணி இறங்கலைன்னா மேல் மைதானத்தையும் அவங்களுக்கே கொடுத்துடுவாங்க."

"வீடு வீடாகப் போ. ஒரு பையனைக் கேட்டு வாங்கி வா. பிறகு பேசுவோம்."

பெலிக்ஸ் இறங்கிப் போனார்.

முதல் வீட்டில் மரியபுஷ்பம் வாசலுக்கே வந்தாள்.

"வாங்க மாஸ்டர், டீ போடட்டுமா?"

"உன் பையனைக் கேட்டு வந்தேன்மா."

"சீனி தூக்கலா, கம்மியா?"

அடுத்த வீட்டில் லில்லி சிரித்தாள். "அவன் இப்போ புட்பால் ஆடுறானே மாஸ்டர்."

"உதைச்சு விளையாடுறதெல்லாம் ஒரு ஆட்டமா அக்கா?"

"ஒடிஞ்சா கால்தானே ஒடியும். கழுத்து ஒடியாதே."

சொன்ன பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்தார்.

இன்னொரு வீட்டில் பையனே ஆசையாக ஷூவோடு வெளியே வந்தான். அவன் தாய் அடுப்படியிலிருந்து பெயர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் பெலிக்ஸ் மூச்சு வாங்க மலையேறினார்.

"வயிறு முட்ட டீ கிடைச்சுது சாமி. பையன் கிடைக்கலை."

"ரெமி வீட்டுக்குப் போனாயா?"

போன மழைக்காலத்தில், இரண்டு அணியும் தலைகோத்து முட்டித் தள்ளியபோது அடியில் சிக்கிக் கழுத்து முறிந்து செத்தவன் ரெமி. அவனை முன்வரிசையில் நிறுத்தியது பெலிக்ஸ்தான்.

"எந்த முகத்தோட போவேன் சாமி?"

சாமி கை மண்ணைத் தட்டினார். பெலிக்ஸ் அவசரமாகப் பேசினார்.

"என் மகன் ஜோவினை இறக்கப்போறேன். மாஸ்டரே தன் பிள்ளையை இறக்கிட்டாருன்னு தெரிஞ்சா ஊருக்குப் பயம் தெளியும்."

"அவன் தாய் குளோரியிடம் கேட்டாயா?"

"அவளுக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை காலையில சொல்லிக்கலாம்னு..."

"மற்ற வீடுகளில் யாரிடம் கேட்டாய்?"

"தாய்மாருங்ககிட்டதான்..." பெலிக்ஸ் தரையைப் பார்த்தார்.

"எங்க ஆட்டம் இனிமே எழவே எழாதா சாமி?"

"எழும். ரெமியை ஊர் மறந்துவிட்டால் எழும். கீழ் மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் இன்னும் சீக்கிரம் எழும். இரண்டில் எதற்காக ஜெபம் பண்ணட்டும், சொல்."

பெலிக்ஸ் கைகூப்பினார்.

"ரெண்டும் வேண்டாம். ஜோவினுக்காக வேண்டிக்கங்க சாமி. அவன் நல்லா இருந்தாப் போதும்."

"அதைக் குளோரி நேற்றே வந்து கேட்டுவிட்டுப் போனாள்."