கவியரசனின் திரை

மதுரை கீழமாசி வீதிக்கு ஒரு சந்து தள்ளி, பாத்திரக் கடை மாடியில் ஷர்மிளா பானு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த சோலைராஜுக்கு முப்பத்து மூன்று. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் உரசுவான். சாயங்காலம் இங்கே வந்து திருப்புளி பிடிப்பான்.

அவள் அவனை 'அண்ணே' என்பாள். அவன் அவளை 'குருவே' என்பான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். ரெண்டு வருஷத்தில் கிண்டல் தேய்ந்துபோய் குருவே மட்டும் மிச்சம் நின்றது.

கேள்வி கேட்டால் அவள் நேராகப் பதில் சொல்லிவிட மாட்டாள். ஒரு வேலை கொடுப்பாள். செய்து முடித்துவிட்டு வந்துதான் மறுபடி கேட்க வேண்டும். பாதி நேரம் கேட்க வேண்டியதே இருக்காது.

அந்த வியாழக்கிழமை, தன் ஆறு வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தான் சோலைராஜ்.

"குருவே, போனஸ் பணம் ஒம்பதாயிரம் இருக்கு. ஒரே ஒரு ஐட்டம்தான் வாங்க முடியும். எத மாத்துனா நான் கவிய ஜெயிப்பேன்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தான். கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், மானிட்டர், மௌஸ் என்று வரிசையாக எழுதியிருந்தான். எல்லாமே கவியரசன் பெட்டியில் இருப்பவை.

கவியரசன் வேறு யாருமில்லை, சோலைராஜின் பெண்டாட்டி சுகப்பிரியாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. இருபத்து நாலு வயசு. போன வருஷம் வேலை கிடைத்த கையோடு புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். சும்மா பெட்டியா அது? பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே கலர் கலராக விளக்கு. நொடிக்கு நூற்று நாற்பத்து நாலு தடவை படம் மாறுகிற மானிட்டர். சோலைராஜ் வீட்டு மானிட்டர் அறுபது தடவைதான் மாறும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனும் மச்சினனும் அவரவர் வீட்டிலிருந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமன் தோற்பார். "அவன் பொட்டி அப்பிடி" என்பான் சோலைராஜ். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாள் சுகப்பிரியா, அரிசி புடைத்தபடி. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

இப்போது விஷயம் வீட்டோடு நிற்கவில்லை. அவர்கள் பகுதி டீமில் ஐந்து பேர். அதில் ஒருவன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். காலியான ஒரு இடத்துக்கு ஆள் இரண்டு: சோலைராஜ், கவியரசன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒண்டிக்கு ஒண்டி மூன்று ஆட்டம். ஜெயிக்கிறவன் கோயம்புத்தூர்ப் போட்டிக்குப் போவான்.

"எனக்கு முப்பத்து மூணு ஆச்சு குருவே. இத விட்டா இனிமே எவனும் என்னக் கூப்புட மாட்டான். அவனுக்கென்ன, சின்னப் பய. இன்னும் பத்து வருஷம் ஆடுவான்."

"அவரு மானிட்டர நல்லாப் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம? மாமியா வீட்டுக்குப் போறப்பல்லாம் அவன் பின்னாடி நின்னு பாப்பேன். அப்பிடியே வெண்ணெ கணக்கா வழுக்கும் குருவே. லென்ஸ் ஒரசுற கண்ணு இது. இதுக்குத் தெரியாதா? பாக்கப் பாக்க வயிறு எரியும்."

ஷர்மிளா தாளை மடித்து டிராயரில் போட்டாள்.

"பொட்டி இங்கயே இருக்கட்டும். கவியரசன் காலைல போன் பண்ணுனாரு. சர்வீஸ் பண்ணணுமாம். நாளைக்கு நீங்க போங்க."

"நானா?"

"பாத்துட்டு வந்து எது வேணும்னு சொல்லுங்கண்ணே. அத வாங்குவோம்."

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு சோலைராஜ் மாமியார் வீட்டுக்குப் போனான். கவியரசன் வேலைக்குப் போயிருந்தான். மாமியார் காபி கொடுத்தார். கொடுத்துவிட்டு வாய் சும்மா இருந்ததா?

"பாத்து மாப்ள. கவி பொட்டி ரொம்ப வெலையாம். ஒங்க பொட்டி மாதிரி நெனச்சுக் கழட்டிப்புடாதீங்க."

காபி கசந்தது. மடமடவென்று குடித்து முடித்தான்.

பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்தான். துடைக்கத் துடைக்க எரிச்சல் ஏறியது. இவ்வளவும் இருந்தால் குருடன்கூட ஜெயிப்பான் என்று நினைத்தான். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சுவிட்சைப் போட்டு, சரியாக ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மானிட்டர் செட்டிங்கில் வந்து அவன் கை நின்றது.

அறுபது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அறுபதேதான். நூற்று நாற்பத்து நாலு ஓடக்கூடிய மானிட்டர் அறுபதில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக மாற்றிய தேதியையும் தேடிப் பிடித்தான். பெட்டி வாங்கிய மாதத்திலிருந்து அப்படியே கிடக்கிறது.

"அடப்பாவி!" என்று வாய்விட்டுச் சிரித்தான். "என்ன மாப்ள?" என்றார் அடுப்படியிலிருந்து மாமியார். "ஒண்ணுமில்ல அத்தே."

சரி செய்ய ஒரு நிமிஷம் ஆகாது. கை மௌஸ்மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டரை அணைத்து, துணி போட்டு மூடிவிட்டு, வரும் வழியெல்லாம் பைக்கில் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

ஷர்மிளா கடையில் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸுக்குப் போகிறவர் சீட்டில் 'கண்டது' என்ற இடத்தில் கண்டதையெல்லாம் எழுத வேண்டும். எழுதியதைக் கஸ்டமருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் கையெழுத்துப் போடுவாள்.

சனிக்கிழமை காலை சோலைராஜ் சீட்டை நீட்டினான். 'கண்டது: தூசி' என்று இருந்தது.

"வேற ஒண்ணும் காணலையாண்ணே?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டது.

"குருவே, அந்தக் கூத்த ஏன் கேக்குறீங்க! ஊரெல்லாம் நூத்து நாப்பத்து நாலு நூத்து நாப்பத்து நாலுன்னு பீத்துனானே, அறுபதுல ஓட்டிக்கிட்டு இருக்கான். ஒரு வருஷமா! செட்டிங்கத் தொறந்துகூடப் பாக்கல. பேக்குப் பய!"

ஷர்மிளாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சோலைராஜின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். மூடி கழற்றியிருந்தது.

"இந்த மெமரி குச்சி ரெண்டையும் யாரு குத்துனது?"

"நாந்தான். ஆறு வருஷம் ஆச்சு."

"நாலு பள்ளத்துல ரெண்டு குச்சி. எப்பிடிக் குத்தணும்?"

"ஒண்ணு விட்டு ஒண்ணு. அப்பத்தான் முழு வேகம் வரும்" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னவன், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

அவள் ஒரு குச்சியைப் பிடுங்கி ஒரு பள்ளம் தள்ளிக் குத்தினாள். டக் என்று உட்கார்ந்தது.

"இதுக்குக் காசு வேணாம்ணே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, வெண்ணெ கணக்கா வழுக்குதுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"அறுபதா வழுக்குச்சு?"

லென்ஸ் உரசுகிற கண் இரண்டும் மேஜையைப் பார்த்தன.

"அப்ப வாராவாரம் ஒங்கள ஜெயிச்சது என்னண்ணே?"

கீழே பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஷர்மிளா சீட்டைத் திருப்பி அவனிடமே தள்ளினாள்.

"கண்டத எழுதுங்க. எழுதிட்டுப் போன் போட்டுச் சொல்லுங்க. கையெழுத்துப் போடணும்."

"குருவே, நாளைக்கு ஆட்டம்..."

"கட வழக்கம்ணே."

அவன் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூர் கண்ணெதிரே வந்து வந்து போனது. பெரிய மேடை, நாலு பேர், ஐந்தாவதாகத் தான். பிறகு 'தூசி'க்குப் பக்கத்தில் எழுதினான்: 'மானிட்டர் அறுபதில் உள்ளது.' போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க மாமா" என்றான் கவியரசன்.

"மாப்ள, நேத்து சர்வீஸ் பண்ணுனேன்ல. ஒன் மானிட்டர் அறுபதுல கெடக்கு. தெரியாம விட்டுட்ட போல. செட்டிங்ல போயி மாத்திக்க."

"தெரியும் மாமா."

"என்னது?"

"நாந்தான் வச்சேன். வாங்குன புதுசுல ஒரு நா ஆடுனோமே, ஞாபகம் இருக்கா? நாலே நிமிஷத்துல மூணு ஆட்டம் போச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லாமப் போன வச்சிட்டீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டுமேன்னு அன்னைக்கே எறக்கி வச்சிட்டேன். அக்காகிட்டகூடச் சொல்லல."

சோலைராஜ் சீட்டில் தான் எழுதிய வரியையே பார்த்தான்.

"நாளைக்கும் அப்பிடியேதான் இருக்கும் மாமா. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றான் கவியரசன்.

அந்தக் கடைசி வார்த்தைதான் தாங்கவில்லை. போனை அணைத்த வேகத்தில் அது மேஜையில் சறுக்கிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா குருவே! பிச்ச போட்டிருக்கான்! ஒரு வருஷமா எனக்குப் பிச்ச போட்டிருக்கான், நேத்துப் பொறந்த பய! பொட்டி பெருசா இருக்குன்னு எரிஞ்சேன். இப்ப மனசும் பெருசு, அதயும் நான் பாத்துத் தொலைக்கணும்! நான் கவலப்படக் கூடாதாம்ல!"

முகம் சிவந்து, மாடி அறைக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். ஷர்மிளா அவன் பெட்டியில் பிராசஸர்மேல் சூடு தணிக்கத் தடவியிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் நடந்து ஓய்கிறவரை அவள் நிமிரவே இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அவரு எறக்கி வச்சது வலிக்குதா, எறக்கி வச்சும் ஜெயிச்சது வலிக்குதா?"

சோலைராஜ் நின்றான். ஸ்டூலில் உட்கார்ந்தான். ஃபேன் காற்றில் சர்வீஸ் சீட்டு படபடத்தது. பறந்துவிடாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

அவள் புதுப் பசை தடவி, விசிறியை மாட்டி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். கடைசித் திருகாணி முடுக்குகிற சமயம் அவன் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போடவில்லை.

"மாப்ள, நாந்தான். நாளைக்கு நூத்து நாப்பத்து நாலுலயே ஆடு... இல்லடா, கோவமெல்லாம் இல்ல... கோவந்தான், ஆனா ஒம்மேல இல்ல... ஏத்தி வைன்னா ஏத்தி வையி. அக்காமேல ஆணையா சொல்றேன், நீ எறக்கி வச்சிருக்கன்னு தெரிஞ்சுது, நான் ஆட உக்கார மாட்டேன். வையி போன."

ஷர்மிளா சர்வீஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். டிராயரைத் திறந்து அவனுடைய பட்டியலை எடுத்து நீட்டினாள்.

"இதுல எதண்ணே வாங்கணும்?"

அவன் அதை வாங்கி ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தான். கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், மானிட்டர், மௌஸ். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். பெட்டியைத் தோளில் ஏற்றினான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பினான்.

"குருவே, அறுபதுல வச்சிக்கிட்டே என்னப் பொளந்தான். நாளைக்கு நூத்து நாப்பத்து நாலு. நான் தோத்துருவேன்ல?"

"தோக்கலாம்ணே" என்றாள் ஷர்மிளா. "ஆனா இத்தன நாளும் நீங்க அந்தப் பொட்டிகூடல்ல ஆடிக்கிட்டு இருந்தீங்க. நாளைக்குத்தான் ஒங்க மாப்பிள்ளையோட ஆடப் போறீங்க."