வாம்பட்டு ஏன் சதுரமாப் போடுது

நான் சொல்லப்போறதுல ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். எனக்கு எழுத்து தெரியாதுங்கறது வேற விஷயம். என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்றேன். நம்பலைன்னா சுடலைமுத்து அண்ணன் தலைல அடிச்சும் பண்றேன், அதுலதான் முடி இல்லாம சத்தம் நல்லா வரும்.

காலைல ஆத்தோரப் பாறை மேல கருப்பா, நாலு மூலை வச்சு, கத்தியில அறுத்த மாதிரி ஒண்ணு கிடந்துச்சே. அதைத்தானே அண்ணன் "யாரோ கடலைமிட்டாயை விட்டுட்டுப் போயிட்டாங்க"ன்னு கையில எடுத்தாரு? அண்ணே, மோந்து பாத்ததோட நிறுத்துனீங்களே, உங்க குலசாமி முழிச்சுட்டு இருந்திருக்கு. அது மிட்டாய் இல்ல. வாம்பட்டுப் புழுக்கை.

வாம்பட்டுன்னா இந்தக் கங்காரு நாட்டுல, பன்னிக்கும் கரடிக்கும் நடுவுல ஒரு சாதி. குட்டைக் காலு, இருந்தும் இல்லாத வாலு, நடந்தா ஒரு தலகாணி நடந்து போற மாதிரி இருக்கும். மத்ததெல்லாம் உருண்டையாவோ நீட்டாவோ போடுதுங்க, இவன் மட்டும் ஏன் செங்கல் அறுக்குறான்? சொல்றேன், உக்காருங்க. டென்ட்டுக் கயித்தை அப்புறம் இழுத்துக் கட்டிக்கலாம்.

அந்தக் காலத்துல, மிருகமெல்லாம் நம்மள விட அதிகமா வாயடிச்சுட்டு இருந்த காலத்துல, இதே மாதிரி ஒரு ஆத்தங்கரையில ஒரு வாம்பட்டு இருந்தான். ஒண்டிக்கட்டை. அவன் பொந்தை அவனே தோண்டுனான், தன் உடம்பு நுழையுற அளவுக்கு மட்டும். பக்கத்துல இன்னொருத்தர் படுக்க இடம் விடலை. யாரு வந்து படுக்கப்போறா, அதான்.

அவன்கிட்டப் பேச்சுக் குடுக்க இருந்தது ஒரே ஒரு ஆளு. ஒரு வாலபி. கங்காருவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்கோங்க, உருவம் சிறுசு. வயித்துப் பையில ஒரு குட்டியை வச்சுக்கிட்டு, பொழுது சாயற நேரம் வந்து புல்லு மேய்வா. இவனும் மேய்வான். ரெண்டு பேரும் மென்னுக்கிட்டே பேசுவாங்க.

"ஏ குண்டு, இன்னைக்கும் குளிக்கலையா?"

"ஆறு பக்கத்துலதானே யக்கா இருக்கு. எங்க போயிடப்போவுது, நாளைக்குக் குளிக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனா அந்த அவ்வளவுக்காகத்தான் அவன் பகல் முழுக்கத் தூங்காம, எப்படா வெயிலு இறங்கும்னு மண்ணுக்குள்ள காத்துக்கிட்டு இருப்பான்.

அந்தக் கரையில டிங்கோன்னு ஒரு காட்டுநாய் திரிஞ்சுச்சு. அதுக்குப் பல்லை விடக் குரலுதான் ஆயுதம். யாரு மாதிரி வேணும்னாலும் பேசும். ஒருநாளு வாத்து மாதிரிக் கூப்பிட்டு, வெளிய தலையை நீட்டுன வாம்பட்டோட காதைக் கடிச்சு எடுத்துருச்சு. அன்னையிலேர்ந்து வாம்பட்டு ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டான். பொந்துக்குள்ள தலையை உள்பக்கம் வச்சு, பின்பக்கத்தை வாசலுக்குக் குடுத்துப் படுத்துருவான். அது சும்மா பின்பக்கம் இல்லைங்க, பலகை மாதிரி கெட்டி. நாய் கடிச்சா நாய்க்குத்தான் பல்லு போவும்.

வாலபி இதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சா. "ஊரு உலகத்துல வாசலுக்குக் கதவு வைப்பாங்க. நீ எதை வச்சிருக்க பாரு! சரி, நான் வந்தா எப்படித் தெரியும்? உனக்கு அங்க கண்ணு இல்லையே?"

"உன் குரல் எனக்குத் தெரியாதா யக்கா? ஆயிரம் பேரு கூப்பிட்டாலும் தெரியும்."

இப்படி வாயைக் குடுத்தான் பாருங்க.

மழைக்காலம் வந்துச்சு. ஆறு செம்மண்ணா பொங்கி ஓடுச்சு. ஒரு சாயங்காலம் பொந்து வாசல்ல வாலபி குரல் கேட்டுச்சு. "குண்டு, கொஞ்சம் வெளிய வா." இவன் எந்திரிக்கப் போனான். அப்போ நாயி நாத்தம் மூக்குல ஏறுச்சு. அப்படியே பின்பக்கத்தை வாசல்ல அடைச்சு உக்காந்துட்டான். வெளிய டிங்கோ பல்லை நறநறன்னு கடிச்சுட்டுப் போச்சு. இவனுக்குப் பெருமை தாங்கலை. 'என்னை ஏமாத்தவா பாக்குற?'ன்னு தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டான். சிரிக்கக் கூட ஆளு இல்லையே, அவனே சிரிச்சாத்தான்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். மறுபடி குரல். இந்தத் தடவை மூச்சு வாங்குது, குரல் உடைஞ்சு கரகரன்னு வருது.

"தம்பி... தொறடா... நாயி வருதுடா..."

வாம்பட்டு நகரலை. "போடா நாயே! முதல் தடவையாவது கொஞ்சம் ஒழுங்காப் பேசுன. எங்கக்கா குரல் இப்படியா ஓட்டைத் தகரம் மாதிரி இருக்கும்?"

"டேய், நான்தான்டா. பையில புள்ள இருக்குடா."

"ஓ, புள்ளையையும் சேத்துக் கூட்டிட்டு வந்துட்டியா? அது குரல்லயும் ஒரு பாட்டுப் பாடு, கேப்போம்."

வாசல் மண்ணைப் பரபரன்னு பிராண்டுற சத்தம். யாரோ நாலுகால் பாய்ச்சல்ல வர்ற சத்தம். தண்ணியில தொபுக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் ஆத்துச் சத்தம் மட்டும்தான்.

மறுநாள் காலைல இவன் வெளிய வந்தான். ஈர மண்ணுல தடம் கிடந்துச்சு. நீட்டுப் பாதம், வாலு இழுத்த கோடு. எந்த நாய்க்கு இப்படிப் பாதம் இருக்கு? வாசல் மண்ணுல அவ முன்னங்கை ரெண்டும் பிராண்டின பள்ளம். அங்கேர்ந்து தடம் ஆத்துக்குள்ள போயிருச்சு. பின்னாடியே நாய்த் தடம் கரை வரைக்கும் போயி, திரும்பிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் வெயிலு இறங்குச்சு. புல்லு இருந்துச்சு. இவன் மேயலை. அவ வழக்கமா நிக்கிற இடத்துல புல்லு கட்டையா, ஒரு வட்டமா இருந்துச்சு. அதைச் சுத்தி வந்து நின்னான். "நாளைக்குக் குளிக்கிறேன் யக்கா"ன்னு சொல்லிப் பாத்தான்.

அப்போ மரத்து மேல குக்கபரா வந்து உக்காந்துச்சு. நம்ம மீன்கொத்திக்குப் பெரியப்பன் மகன் மாதிரி இருக்கும், தலை பெருசு, வாய் அதை விடப் பெருசு. "அவ சாகலைப்பா. அக்கரையில ஒதுங்கிட்டா. குட்டியும் பொழைச்சுருச்சு"ன்னு சொல்லுச்சு.

வாம்பட்டு தண்ணி ஓரம் வரைக்கும் ஓடுனான். ஆனா அக்கரை எங்க இருக்குன்னே அவனுக்குத் தெரியலை. அவன் கண்ணுக்குத் தன் மூக்குக்கு அந்தப் பக்கம் எல்லாமே புகை மூட்டம்தான். ஆறு அகலமாயிருச்சு, நீந்தவும் முடியாது. கத்திப் பாத்தான், சத்தத்தைத் தண்ணி தின்னுருச்சு.

"நான் தெரியாமப் பண்ணிட்டேன்னு அவகிட்டச் சொல்லு"ன்னு குக்கபராவை அனுப்புனான். அது போயிட்டு வந்துச்சு.

"உன் வார்த்தையை இனி நம்ப மாட்டாளாம். குரலை நம்பித்தானே ரெண்டு பேருக்கும் இந்தக் கதி. நிஜமாவே அவளுக்காகக் காத்துட்டு இருக்கேன்னா, தினமும் அந்த உசரப் பாறை மேல அவ கண்ணுல படுற மாதிரி ஏதாவது வைக்கணுமாம். காலைல பாப்பாளாம். அமாவாசை வரைக்கும் பாறை வெறுமையா இருந்துச்சுன்னா, குட்டியைக் கூட்டிக்கிட்டு மலை தாண்டிப் போயிருவாளாம்."

பாறையோ சாய்வுப் பாறை. இலையை வச்சான், காத்து எடுத்துட்டுப் போச்சு. கம்பை வச்சான், உருண்டுருச்சு. கல்லைத் தூக்கிட்டு ஏற அவன் காலு பத்தலை. யோசிச்சுப் பாத்தா, சொந்தமா அவன்கிட்ட இருந்த சொத்து ஒண்ணே ஒண்ணுதான். சிரிக்காதீங்க. பாறை மேல ஏறி அதையே வச்சான். அப்போ அவனும் எல்லாரையும் மாதிரி உருண்டையாத்தான் போட்டுட்டு இருந்தான். கோலிக்குண்டு மாதிரி உருண்டு, பொளக்குன்னு தண்ணியில விழுந்துச்சு. மறுநாளும் பொளக். அதுக்கு மறுநாளும் பொளக். நிலா தேஞ்சுக்கிட்டே வந்துச்சு.

கடைசியில கோவம் வந்துருச்சு அவனுக்கு. தன் மேலதான். நேரா பொந்துக்குள்ள போனான். "நிக்கிற மாதிரி வந்தா வா, இல்லாட்டி வராதே"ன்னு இறுக்கி அடக்கிக்கிட்டு, அந்த ஒண்டிப் பொந்துல இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவுல உடம்பை அமுக்கிக்கிட்டுக் கிடந்தான். மேயப் போகலை, அசையலை. மண்ணுச் சுவரு நாலு பக்கமும் அமுக்க, வயித்துக்குள்ள இருந்ததெல்லாம் அமுங்கி மூலை பிடிச்சுருச்சு. அமாவாசைக்கு முன்னாடி, வலி தாங்காம ஊர்ந்து போயி பாறை மேல ஏறுனான்.

சதுரமா வந்துச்சு. வச்ச இடத்துலயே நின்னுச்சு.

காலைல அக்கரையில வாலபி பாறையைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. மூட்டை கட்டுனவ மூட்டையை இறக்கி வச்சுட்டா. மலை தாண்டலை. குக்கபராவைக் கூப்பிட்டு அவனுக்கு ஒரு பதில் சொல்லி அனுப்புனா.

குக்கபரா பறந்து வந்து, பாறைக்கு மேல இருந்த கிளையில உக்காந்துச்சு. வாம்பட்டு ஒத்தைக் காதை நிமித்திக்கிட்டு நின்னான். "மன்னிச்சுட்டாளா? என்னன்னு சொல்லு?"

குக்கபரா சொல்லத்தான் வாயைத் தொறந்துச்சு. அதுக்குள்ள கீழ இருந்த அந்தச் செங்கலு கண்ணுல பட்டுருச்சு. "க்கூ... க்கூக்... கா... கா... கா..." சிரிப்பு! அடக்கிக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி கண்ணு அங்க போவும், மறுபடி சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பறந்து போயிருச்சு. சரி, சாயங்காலம் சொல்லும்னு இவன் நின்னான். சாயங்காலமும் அதே கதைதான்.

அக்கா என்ன சொன்னான்னு அவனுக்கு இன்னும் தெரியாது. எனக்கும் தெரியாது. அவ தினமும் பாறையைப் பாத்துட்டுத்தான் மேயவே போறாங்கறதும் அவனுக்குத் தெரியாது. ஒருநாளு பாறை வெறுமையா இருந்துருமோங்கிற பயத்துல, பொழுது சாஞ்சா வெளிய வருவான், ஏறுவான், வைப்பான், இருட்டுல அக்கரை இருக்கிற பக்கம்னு அவன் நினைக்கிற பக்கமாக் கொஞ்ச நேரம் பாத்துட்டு நிப்பான். அப்புறம் ஒத்தையா இறங்கிப் போயிருவான்.

அன்னையிலேர்ந்துதான் வாம்பட்டு தனியாவே இருந்து, சதுரமாப் போட்டு, அதையும் ஒரு கல்லைத் தேடி ஏறிப் போடுது. அன்னையிலேர்ந்துதான் குக்கபரா காலைலயும் சாயங்காலமும், சொல்ல வந்த சேதியைச் சொல்ல முடியாமச் சிரிச்சுக்கிட்டே கிடக்கு.

கதை முடிஞ்சுது, எடுங்க கூலியை. அடுப்புல வேகுற கோழித்தொடையில பெருசா இருக்கே, அது என்னுது. கூட ரெண்டு வெங்காயமும் வறுத்து வைங்க. தர மாட்டீங்களா? சரி. நாளைக்குக் காலைல டென்ட்டு வாசல்ல ஏதாவது கிடந்து, அது சதுரமா இல்லாம இருந்தா, வாம்பட்டு மேல பழி போடாதீங்க.